சேர்ந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி

குடுமியான்மலையில் ஒரு கல்யாணம் நடந்தது என்பதற்கு ஊருக்கு வேண்டிய ஆவணம் மொய் நோட்டுதான். யார் வந்தார்கள், எந்த ஊர், இன்னார் மகன் இன்னார், எவ்வளவு எழுதினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். முப்பது வருடம் கழித்தும் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் திருப்பிச் செய்வார்கள். எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், கணவனிடம் போய்ச் சேர அமெரிக்க விசாவுக்குத் தாள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். “மொய் நோட்டைக் காட்டலாமா சார்? அத்தனை பேரு பேரும் இருக்கு” என்று கேட்டாள். காட்டலாம், இரண்டு பக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து உடன் வைக்கலாம் என்றேன். ஆனால் அங்கே கேட்கிற கேள்வி வேறு. கல்யாணம் நடந்ததற்குப் பதிவுச் சான்றிதழ் போதும். இது மெய்யான குடும்பமா, குடியேறுவதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடா என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இதற்குப் பதில் சொல்வது சுலபம். இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வரும் கரண்ட் பில் என்று எடுத்து வைத்துவிடுவார்கள்.

“நாங்க சேந்து இருந்ததே ஒரு மாசம் முழுசா இல்லையே சார், அதுக்கு என்ன புரூஃப் இருக்கும்?”

அவள் கேட்ட இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு யோசித்ததையும் படித்ததையும் அவ்வப்போது எழுதி வைத்தேன்.

*

அவள் கணவனிடம் இருப்பது கிரீன் கார்டு. குடியுரிமை வாங்கியிருந்தால் மனைவிக்கு வரிசை கிடையாது. மனுவைப் பரிசீலிக்க ஆகும் காலம் மட்டும்தான். கிரீன் கார்டுக்காரரின் மனைவி எஃப்2ஏ என்ற பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். மனைவி, கணவன், சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து, உலகம் முழுவதற்கும் அந்தப் பிரிவில் வருடத்துக்கு ஏறக்குறைய 87,900 இடங்கள். எந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் அறிவிக்கிறது. 2019 ஜூலையிலிருந்து 2023 தொடக்கம் வரை இந்தப் பிரிவில் காத்திருப்பே இல்லை. 2023 ஏப்ரலில் அந்தத் தேதி 2020 செப்டம்பருக்குப் பின்வாங்கியது. நல்ல நேரம் என்று நம்பிக் கல்யாணத்தை முடித்தவர்கள் அப்படியே நின்றுபோனார்கள்.

சரி, இடையில் ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றால் அதுவும் கஷ்டம். சுற்றுலா விசா கேட்பவர் கட்டாயம் ஊர் திரும்புவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். குடியேற மனுப் போட்டுக் காத்திருக்கும் மனைவி திரும்பி வருவாள் என்று எந்த அதிகாரி நம்புவார்?

என் மனக்குறை இதுதான். பிரித்து வைப்பது சட்டம். ஏன் பிரிந்திருக்கிறீர்கள் என்று சந்தேகத்தோடு கேட்பதும் அதே சட்டம்.

*

ஆல்பம் பற்றி ஒரு குறிப்பு. இங்கே இப்போது கரிஷ்மா ஆல்பம் போடாத கல்யாணம் இல்லை. ஸ்டூடியோக்காரர் மணமக்களை வெட்டியெடுத்துப் பனிமலைக்கு முன்னால் நிறுத்துகிறார், தாஜ்மகால் வாசலில் நிறுத்துகிறார், பூங்கொத்துக்கு நடுவில் இரண்டு முகத்தையும் மிதக்க விடுகிறார். நமக்கு அது அழகு. கணவனும் மனைவியும் உண்மையில் ஒன்றாக எங்கெல்லாம் இருந்தார்கள் என்று தேடுகிற கண்ணுக்கு அது ஒட்டு வேலை. அவள் கொண்டுவந்த ஆல்பத்தில் முதல் பத்துப் பக்கமும் அப்படித்தான் இருந்தது.

அதை ஒதுக்கிவிட்டு, மாமன் மகன் போனில் எடுத்த படங்களை வாங்கிவரச் சொன்னேன். பந்தியில் உட்கார்ந்திருக்கும் படம். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நிற்க, அவள் பின்னால் சிரித்துக்கொண்டிருக்கும் படம். மறுவீட்டுக்குப் போனபோது வாசலில் ஆரத்தித் தட்டோடு பெரியம்மா. சிகாநாதர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண் ஒன்றின் பக்கத்தில் இருவரும், கண்கூசிக்கொண்டு. இந்தப் படங்களில் யாரும் கேமராவுக்காக நிற்கவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, இடம், கூட இருப்பவர் என்ன உறவு என்று எழுத வைத்தேன். கிழவி ஒருத்திக்கு அவள் “அப்பத்தா” என்று மட்டும் எழுதியிருந்தாள். யாருடைய அப்பத்தா என்று சேர்க்கச் சொன்னேன்.

*

வாட்ஸ்அப் பேச்சுகளை அச்செடுக்க வேண்டியிருந்தது. அன்னவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. பென்டிரைவைக் கொடுத்தாள். தாள் தாளாக வெளியே வந்தது. கடைப் பையன் அடுக்கிக் கொடுக்கக் கையை நீட்டினான். அவள் சட்டென்று மேசையைச் சுற்றிப் போய் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். வர வர ஒவ்வொரு தாளையும் எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பையன் நல்லவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டது, “சாப்டியா”விலிருந்து சண்டை வரைக்கும், யாரோ ஒரு அதிகாரி வாசிப்பதற்காக அச்சாகிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை என்று அவளுக்குச் சொன்னேன். மாதத்துக்கு ஒரு பக்கம், அழைப்புப் பட்டியல், அவ்வளவு போதும். சண்டை போட்ட பக்கம் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து வைத்தாள். எனக்கும் அது சரியென்று பட்டது. தங்கச்சி கல்யாணத்துக்கு எவ்வளவு செய்வது என்பதில் வந்த சண்டை அது. குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் அப்படியொரு சண்டை வரும்.

*

எல்லாப் பழியையும் தூதரகத்தின் மேல் போட முடியாது. நம் வீடுகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மாதாமாதம் அவன் பணம் அனுப்புகிறான், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. எல்லாம் அவள் மாமனார் கணக்குக்கு. வீடு மாமனார் பெயரில், கரண்ட் பில் மாமனார் பெயரில், கேஸ் மாமியார் பெயரில். எல்.ஐ.சி. பாலிசியில் வாரிசுதாரர் இன்னும் அம்மாதான். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, மாற்றத் தோன்றவில்லை. ரேஷன் கார்டில் அவள் பெயர் இன்னும் பிறந்த வீட்டில் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் சமைத்து, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்து வாழ்கிற பெண்ணுக்கு அங்கே இருப்பதாக ஒரு துண்டுத் தாள் கிடையாது. தாளை மட்டும் வாசிக்கிற அதிகாரிக்கு, இந்த மனிதர் தன் அப்பாவை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார் என்பதுதான் தெரியும்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. மருமகள் பெயரில் தனியாகப் பணம் அனுப்பினால் அப்பாவுக்கு மரியாதைக் குறைவு என்று மகன் நினைக்கிறான். கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. மாமனாரிடம் நானே பேசினேன். “அதுக்கென்ன, பேங்குல சொல்லி ரெண்டு பேர் பேரும் போட்டுடலாம்” என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். பிறந்த வீட்டுக் கார்டில் பெயர் நீக்கி, இங்கே சேர்க்க மனுவும் போட்டாகிவிட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் நகை, சீர் பேசும்போதே இதையும் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

*

நேர்காணலில் கேட்கக்கூடியவற்றை எழுதிப் பழகினோம். “கல்யாணம் ஆனதும் எவ்வளவு நாள் ஒன்றாக இருந்தீர்கள்?” வைகாசிக் கடைசியில் கல்யாணம். ஆனியில் கொஞ்ச நாள். ஆடி பிறந்ததும் அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆடி முடிவதற்குள் அவன் லீவு முடிந்துவிட்டது.

ஆடிக்கு அழைப்பதை எப்படி விளக்குவது? புதுப்பெண்ணைக் கணவனிடமிருந்து பிரித்துத் தாய்வீட்டில் வைப்பது எங்கள் பக்கத்தில் கல்யாணத்தின் ஒரு பகுதி. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ அழைத்துப் போய், குழந்தை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துக் கொண்டுவந்து விடுவதும் அப்படித்தான். பிரிந்திருக்கும் நாட்களையும் சேர்த்துத்தான் இங்கே இல்வாழ்க்கை கட்டப்பட்டிருக்கிறது. மறைக்காமல், கூச்சப்படாமல், நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னேன். வழக்கம் என்று ஒரு வரியில் சொன்னால் இந்தியத் தம்பதிகளைத் தினமும் பார்க்கிற அதிகாரிக்குப் புரியும்.

*

புரோக்கர் ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார்: திருச்சியில் வாடகை வீடு எடுத்து இருவரும் இருந்ததாக முன்தேதியிட்டு ஒப்பந்தம் ஏற்பாடு செய்து தருகிறேன், செலவு கொஞ்சம் ஆகும்.

எங்கள் சாமிக்குக் குடுமி வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாமிக்குச் சாத்த வேண்டிய பூவை அர்ச்சகர் தன் காதலிக்குக் கொடுத்துவிட்டார். எதிர்பாராமல் ராஜா வந்து நிற்க, அவள் தலையிலிருந்து எடுத்த பூவையே பிரசாதமாகக் கொடுத்தார். அதில் ஒரு முடி. கேட்டபோது, சாமிக்குக் குடுமி உண்டு என்று சொல்லிவிட்டார். காட்டு என்றான் ராஜா. பக்தனைக் காப்பாற்ற லிங்கத்தில் குடுமி வந்தது. அர்ச்சகரை மன்னித்த சாமி அது. அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தில் அந்த மன்னிப்பு இல்லை. குடியேறுவதற்காகப் போலிக் கல்யாணம் செய்ததாக ஒருமுறை முடிவானால், பிறகு யார் எந்த மனுப் போட்டாலும் அவருக்கு அனுமதி கிடைக்காது. உண்மையான கல்யாணத்துக்குள் ஒரு பொய்த் தாளைச் செருகினாலும் அது பொய்த் தகவல் கொடுத்த குற்றமாகி, உள்ளே வரவே தகுதி இல்லாதவர் என்று ஆக்கிவிடும். புரோக்கருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

*

தாள் சேர்க்க முடிகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் சிங்கப்பூரில் கட்டட வேலைக்கும், வளைகுடாவில் டிரைவர், வெல்டர் வேலைக்கும் போனவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நிரப்பப் படிவமே கிடையாது.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவியை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. எஸ் பாஸோ எம்ப்ளாய்மெண்ட் பாஸோ இருந்து, நிலையான மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால்தான் மனைவிக்கு டிபெண்டண்ட் பாஸ். வொர்க் பெர்மிட்காரர் அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்வதென்றால் மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். பெர்மிட் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அந்த விதி தொடர்கிறது. மனைவியை அழைத்துக்கொள்ள ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது தங்குமிடத்தோடு 3,000. குவைத்தில் 2024-இல் குடும்ப விசாவை மறுபடி திறந்தபோது 800 தினார் சம்பளம் என்று வைத்தார்கள். கிரேன் ஓட்டுகிறவருக்கு அது எட்டாது. பிரிட்டனும் இதில் சேர்த்திதான்: 2012 முதல் 18,600 பவுண்டாக இருந்த வருமான வரம்பு 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டு.

சம்பளத்தை வைத்து யாருக்குக் குடும்பம், யாருக்கு வெறும் உழைப்பு என்று பிரிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஒரே தெருவில் இரண்டு பெண்கள். ஒருத்தி மும்பையில் நடக்கும் அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பயப்படுகிறாள். இன்னொருத்தியின் கணவன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறான், பிள்ளைக்குச் சாக்லேட்டும் மாமனாருக்கு டார்ச் லைட்டும் கொண்டுவருகிறான், போகிறான். அவளை நேர்காணலுக்குக்கூட யாரும் கூப்பிடப்போவதில்லை.

*

பழைய சங்கதி ஒன்று. இதைப் படித்த அன்று வேறு எதையும் எழுத ஓடவில்லை.

புதுக்கோட்டைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். கங்காணியின் ஆளாக மண்டபம் முகாமில் தங்கி, தலைமன்னாரில் இறங்கி, மலைக்குப் போனவர்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்து, 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம், இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க ஒரு வழி வைத்தது. கல்யாணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முன் ஏழு வருடம் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஆகாதவருக்குப் பத்து வருடம். இதோடு நிற்கவில்லை. விண்ணப்பிக்கும் ஆண், கல்யாணமானவராக இருந்தால், அவர் மனைவியும் கல்யாணமாகி ஒரு வருடம் நிறைவதற்குள் இலங்கைக்கு வந்து, அன்றிலிருந்து விண்ணப்பத் தேதி வரை இடைவிடாமல் அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வசிப்பு அறுந்ததாகக் கணக்கு.

இந்த விதியை நம் பக்கத்துக் குடும்பத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஊரில் பெண் எடுத்துத் தாலி கட்டிவிட்டு அவன் தோட்டத்துக்குத் திரும்பியிருப்பான். கப்பல் செலவுக்குச் சேர்த்து அவளை அழைத்துக்கொள்ள இரண்டு வருடம் ஆகியிருக்கும். தலைப்பிரசவத்துக்கு அவள் ஊர் வந்திருப்பாள். பிள்ளை பிறந்து, மாமியாருக்கு முடியாமல் போய், ஒன்றரை வருடம் கழித்துத்தான் கப்பல் ஏறியிருப்பாள். இருபது வருடம் மலையில் கொழுந்துக் கூடை சுமந்த மனிதனின் குடியுரிமை, அவன் பெண்டாட்டி வந்து சேரத் தாமதமான அந்த ஒரு வருடத்திலோ, பன்னிரண்டு மாதம் தாண்டியும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆறு மாதத்திலோ போய்விடும்.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்றது. பிறகு மனம் மாறி, கடைசி மாதங்களில் கூட்டம் கூட்டமாக எழுதினார்கள். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் சுமார் 8,25,000 பேர். குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. நாடற்றவர்களாகவே நின்றவர்களைத்தான் 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, விடுபட்ட 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதி. அந்தப் பங்கீட்டில் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியா, ஒருவருக்கு இலங்கை என்று ஆனதும் உண்டு.

தேயிலை ஏற்றுமதிக்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் குடும்பம் வேண்டாம். பொண்டாட்டி ஊரில் இருந்தாள் என்பது எப்படி ஒரு தொழிலாளியின் குற்றமாக முடியும் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

*

மலாயாவிலும் இதே கதை. 1953 முதல் குடிநுழைவு இறுகியது. 1959-இல் சட்டத்தைத் திருத்தியபோது, 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருடம் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவி இனி உள்ளே வர முடியாது என்று வைத்தார்கள்.

ராயவரம், அரிமளம், விராச்சிலை, கோனாபட்டு என்று எங்கள் மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களில் வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன் முதல் மேலாள் வரை மூன்று வருடக் கணக்குக்குக் கப்பல் ஏறினார்கள். ஆச்சிமார் பெரிய வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்து, நிலம் பார்த்து, வரவு செலவு எழுதினார்கள். அவர்களை யாரும் கணவனைப் பிரிந்தவர்கள் என்று சொன்னதில்லை.

*

1979 ஜனவரி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இந்திய ஆசிரியை ஒருவர் வந்து இறங்குகிறார். பிரிட்டனில் இருப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள வந்திருக்கிறார். ஏற்கெனவே கல்யாணமானவரோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். கார்டியன் பத்திரிகையில் செய்தி வந்ததும் நாடாளுமன்றம் வரை போய், அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. டெல்லியிலும் பம்பாயிலும் இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களில் முன்பே பெண்களுக்கு இப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது பின்னால் வெளிவந்தது. கல்யாணத்தின் முதன்மை நோக்கம் குடியேறுவது அல்ல என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதியும் அங்கே 1997 வரை இருந்தது. இல்லாத நோக்கத்தை இல்லை என்று நிரூபிக்கும் சுமை அது.

*

இனிஷியல். அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்று எழுதிவிடுவார்கள். அவளுக்குப் பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவன் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒருத்திதான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்தோம். கல்யாணமான உடனே அவசரப்பட்டு இனிஷியலை மாற்ற வேண்டாம் என்று இப்போது எல்லாப் பெண்களிடமும் சொல்கிறேன். மாற்றுவதென்றால் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும்.

*

கல்யாணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. கணவன் மனைவி இருவரும் சார்பதிவாளர் முன் போய்க் கையெழுத்திட வேண்டும். லீவில் வருகிற மாப்பிள்ளை குலதெய்வம், விருந்து, மறுவீடு என்று சுற்றிவிட்டு, கடைசி இரண்டு நாளும் சனி ஞாயிறு என்று தெரிந்து, பதியாமலே விமானம் ஏறுவது நடக்கிறது. அடுத்த லீவு வரை மனுவே போட முடியாது. தாலி கட்டிய வாரத்திலேயே பதிந்துவிட வேண்டும்.

நேரில் வர முடியாதவர்கள் விஷயத்தில் ஒரு நல்ல தீர்ப்பு உண்டு. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ், அமெரிக்காவில் இருக்கும் மணமகனும் கன்னியாகுமரி மாவட்டத்து மணமகளும் காணொளி வழியாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம், சார்பதிவாளர் மூன்று சாட்சிகள் முன்னிலையில் அதை நடத்தித் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். சட்டம் காலத்தோடு நடக்க வேண்டும் என்பதற்கு நம் நீதிமன்றமே காட்டிய வழி. ஆனால் இதை நம்பி அமெரிக்க மனுப் போட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இருவரும் ஒரே இடத்தில் நேரில் இல்லாமல் நடந்த கல்யாணத்தை, அதன்பின் அவர்கள் நேரில் சேர்ந்து தாம்பத்தியம் நடத்தியிருந்தால் ஒழிய, அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் கல்யாணமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆக, ஒரு பயணமாவது வேண்டும்.

*

வெளிநாட்டுச் சட்டங்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் மனசாட்சி உறுத்தும். எங்கள் மாவட்டத்தில் லேணாவிளக்கு, அழியாநிலை போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. முகாமில் வளர்ந்த பெண்ணை வெளியூர்ப் பையன் கட்டுகிறான். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு, இந்தியரைக் கல்யாணம் செய்து ஏழு வருடம் இங்கே வசித்தவர் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது. ஆனால் உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகைப்படுத்தி அந்த வழியையே 2003 திருத்தம் அடைத்துவிட்டது. போர்க் காலத்தில் படகேறி வந்தவர்கள் எந்த ஆவணத்தோடு வந்திருக்க முடியும்? இங்கே கணவனும் மனைவியும் பிரிந்துகூட இல்லை. ஒரே வீட்டில், ஒரே ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அப்படியும் நாட்டின் கண்ணில் அவள் இந்தக் குடும்பத்து ஆள் இல்லை. சேர்ந்து வாழ்வதே முழு அத்தாட்சி என்றால் அந்தப் பெண்களுக்கு முதலில் கிடைத்திருக்க வேண்டும்.

*

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2000 டிசம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. கிரீன் கார்டுக்காரரின் மனைவியும் பிள்ளைகளும் மூன்று வருடத்துக்கு மேல் வரிசையில் இருந்தால், ‘வி’ விசா கொடுத்து அங்கேயே வந்து காத்திருக்க விட்டார்கள். வேலை பார்க்கவும் அனுமதி. ஆனால் 2000 டிசம்பர் 21-ஆம் தேதிவரை மனுப் போட்டிருந்தவர்களுக்கு மட்டும் என்று எல்லை வைத்ததால் அது காலப்போக்கில் தானாகவே செத்துப்போனது. வரிசையை நீட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. காத்திருக்கிற நாட்களை ஒரே வீட்டில் கழிக்க விட்டார்கள், அவ்வளவுதான். ஒருமுறை செய்ததை மறுபடியும் செய்யலாம். கணவன் மனைவி உறவு மெய்யா என்று பார்க்க வேண்டுமென்றால், ஒன்றாக வாழ விட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது? இரண்டு வருடம் ஆகாத கல்யாணத்துக்கு இப்போதும் நிபந்தனையோடு இரண்டு வருடக் கிரீன் கார்டுதானே கொடுக்கிறார்கள். பரிசோதனை அங்கே நடக்கட்டும்.

விசாவுக்குத் தாள் சேர்க்கும் இந்தப் பெண்ணுக்கு வயது இருபத்தொன்பது. “விசேஷம் உண்டா?” என்று கேட்கிற ஊரில் அவள் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போக வேண்டியிருக்கிறது. எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

*

அவளுக்கு இன்னும் ஆக வேண்டியவை. பிறப்புச் சான்றிதழில் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கிறது, பெயர் சேர்க்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ் நகல் எடுத்துப்போக வேண்டும். போலீஸ் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் இப்போதே வேண்டாம். முறை நெருங்கும்போது எடுத்தால் போதும், பழசானால் மறுபடி கேட்பார்கள். கணவனின் வருமானச் சான்றும் வரித் தாள்களும் அவன் அனுப்ப வேண்டும். வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாத வருமானம் காட்ட வேண்டும், அவனுக்கு அது இருக்கிறது. அவன் குடியுரிமைக்குத் தகுதி பெற்றதும் முதல் நாளே விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும். அது கிடைத்தால் மனைவிக்கு வரிசை விலகிவிடும், மனு அதே மனுதான், தகவல் மட்டும் கொடுத்தால் போதும். கூட்டுக் கணக்குக்கு மாமனாரோடு திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறாள். எல்.ஐ.சி. வாரிசுதாரர் மாற்றும் படிவத்தை அவனுக்கு அனுப்பிவிட்டோம், கையெழுத்திட்டு வர வேண்டும்.